யாருக்கு வலது?

அண்ணாச்சி, நீங்கள் பொய் சொல்லுகிறீர்கள். அந்த இதயத்தை வலது பக்கம் வைத்தது அவள் இல்லை. நீங்கள்.

உங்கள் பேச்சின் வீடியோவைப் பார்த்தேன். ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் பேசியிருக்கிறீர்கள். நம் ஊர்க்காரன் ஒருவன் பெருமையாக எனக்கு அனுப்பி வைத்தான். கோட்டு போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்ததும் அந்தக் கதையை எடுத்தீர்கள். "எங்கிட்ட ஒரு பிள்ளை வேலை பாத்தா. நொட்டாங்கைக்காரி. எது இடது, எது வலதுன்னே தெரியாது. ஒரு ஆஸ்பத்திரி வெப்சைட்ல மனுசனுக்கு இதயத்தையே வலது பக்கம் கொண்டு போயி வெச்சுட்டா." சொல்லிவிட்டு உங்கள் நெஞ்சின் வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினீர்கள். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் இருந்த பேராசிரியர்கள்கூடச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் பாடம் எடுத்தீர்கள். "வெப்சைட்டை அடுக்குகிற ஸ்டைல்ஷீட்டில் லெஃப்ட், ரைட் என்று எழுதாதீர்கள். ஆரம்பம், முடிவு என்று எழுதுங்கள். வாசிக்கிறவன் எங்கே ஆரம்பிக்கிறானோ அதுதான் பக்கத்தின் ஆரம்பம்." கை தட்டினார்கள். அந்த வாக்கியம் யாருடையது, அண்ணாச்சி? கேலிக்கும் அவள் வேண்டும், கைதட்டலுக்கும் அவள் வேண்டும். ஒரே பேச்சில் இரண்டையும் எடுத்துக்கொள்ள உங்களுக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

அவள் யார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் சொல்லுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. உங்கள் பெயரையும் சொல்ல மாட்டேன். உங்களைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் நம் ஆபீஸ். கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே மேசை அதிரும். நான் சேர்ந்த அன்று என்னை அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். "பைய இருலே, கடிச்சிருவா" என்றீர்கள்.

கடித்தாள். நான் கேட்டது பாத்ரூம் எங்கே என்று மட்டும்தான்.

"படி ஏறி வந்த மூஞ்சியோட நேராப் போ. ஒரு கதவு வரும். தெறக்கலன்னா தள்ளு. அப்பவும் தெறக்கலன்னா உள்ள ஆளு இருக்கு."

"வலது பக்கம் இருக்கே, அந்தக் கதவாக்கா?"

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "யாருக்கு வலது?"

அவளை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லுவேன். யாருக்கு வலது? வேலையிலும் சரி, சண்டையிலும் சரி, வழி கேட்கிறவனிடமும் சரி, இந்தக் கேள்விதான். இடது, வலது என்று சொல்லி அவள் ஒரு பக்கத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரரிடம் "ஆத்துப் பக்கமாத் திரும்புங்க" என்பாள். ஒருநாள் அவளோடு வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டு ஜங்ஷனுக்குப் போனோம். பாலத்தின் நடுவில் வைத்து வழக்கம்போல ஆத்துப் பக்கம் என்று ஆரம்பித்தாள். ஆட்டோக்காரருக்குத் தாங்கவில்லை.

"யம்மா, ரெண்டு பக்கமும் ஆறுதான் கெடக்கு. எந்தப் பக்கம் விழணும்?"

"அப்ப விழாம நேராப் போங்க."

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அதை அவள் எனக்குச் சொன்னது, கரண்டு போய் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம். வருத்தமாகச் சொல்லவில்லை. யாரையோ திட்டுகிற குரலில் சொன்னாள்.

"எழுதுற கையைத் தூக்குங்கன்னாவ. தூக்குனோம். இதான் வலது கை, மத்தது இடது கைன்னாவ. எல்லாரும் சேந்து சொன்னோம். நானும் சொன்னேன். நான் எந்தக் கையைத் தூக்கியிருக்கேன்னு அவுக பாக்கவே இல்ல."

அவள் தூக்கியது இடது கை. அவளுக்கு எழுதுகிற கை அதுதான். டீச்சர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நல்ல மாணவி. பல வருஷம் கழித்து பெரிய பள்ளிக்கூடத்தில் டிரில் நடந்தபோது "வலப்பக்கம் திரும்பு" என்று சத்தம் கொடுத்திருக்கிறார்கள். வரிசை முழுவதும் ஒரு பக்கம் திரும்ப, இவள் மட்டும் மறுபக்கம் திரும்பி, அடுத்து நின்ற பெண்ணின் மூக்கோடு மூக்கு முட்டி நின்றிருக்கிறாள். வாத்தியார் விசில் கயிற்றால் முதுகில் அடித்தார். வீட்டில் ஏற்கெனவே அடித்து அடித்துச் சாப்பிடும் கையை மாற்றியிருந்தார்கள். எழுதும் கை மட்டும் மாறவில்லை.

"ஒரு கை சோத்தாங்கை, ஒரு கை எழுத்தாங்கை. இதுல எது வலதுன்னு யோசிச்சு முடிக்கதுக்குள்ள பஸ்ஸு போயிரும். ரெண்டு வார்த்தையையும் தலைமுழுகிட்டேன். அது இல்லாம எனக்கு ஒண்ணும் கெட்டுப் போகல."

அவள் கையெழுத்துப் போடும்போது பார்த்திருக்கிறேன். தமிழோ இங்கிலீஷோ எழுதினால், எழுதி முடித்த எழுத்தின் மேலேயே அவள் கை நகர்ந்து போகும். உள்ளங்கை ஓரத்தில் எப்போதும் நீல மை ஒட்டியிருக்கும். "இந்தக் கை அரபி எழுதப் பொறந்த கைலே. வழி தெரியாம சீவலப்பேரியில வந்து பொறந்துட்டு" என்பாள்.

அந்த அரபிதான் நம் ஆபீசுக்கும் வந்தது. வளைகுடா நாட்டுக் கிளினிக்குகள், கடைகள், பள்ளிக்கூடங்கள். எல்லோருக்கும் ஒரே வெப்சைட் இங்கிலீஷிலும் வேண்டும், அரபியிலும் வேண்டும். இங்கிலீஷ் இடமிருந்து வலம். அரபி வலமிருந்து இடம். எழுத்து மட்டும் திரும்பினால் போதாது, பக்கமே திரும்ப வேண்டும். மெனு எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு இடம் விட வேண்டும், பொத்தான் எந்த ஓரத்தில் என்று கட்டளை கொடுப்பதுதான் ஸ்டைல்ஷீட். அதை நம் ஆட்கள் எப்படி எழுதினார்கள்? இங்கிலீஷுக்கு ஒன்று எழுதுவது, அதைப் பிரதி எடுத்து லெஃப்ட் இருந்த இடமெல்லாம் ரைட், ரைட் இருந்த இடமெல்லாம் லெஃப்ட் என்று மாற்றி அரபிக்கு ஒன்று. ஒன்றைத் திருத்தினால் மற்றதைத் திருத்த மறந்துவிடுவார்கள். அரபிப் பக்கம் முழுவதும் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவும் போட்டவன் மாதிரி நிற்கும்.

அந்த வேலையை அவளிடம் கொடுத்தீர்கள். திறமையைப் பார்த்துக் கொடுத்தீர்கள் என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னது எனக்குக் காதில் இருக்கிறது. "நொட்டாங்கைக்கு நொட்டாங்கை வேலை. அரபிக்காரனும் பீச்சாங்கைப் பக்கமாத்தான் போறான், நீயும் அங்கனதான் போற. ரெண்டு பேரும் சேந்து போங்க." எல்லோரும் சிரித்தோம். நான் உட்படத்தான். நீங்கள் சிரித்தால் சிரிக்க வேண்டும், அது அங்கே சட்டம்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு ஸ்டைல்ஷீட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று எழுதினாள். அதில் லெஃப்ட் இல்லை, ரைட் இல்லை. ஆரம்பிக்கிற பக்கம், முடிகிற பக்கம், அவ்வளவுதான். 'ஆரம்பப் பக்கத்தில் இவ்வளவு இடம் விடு.' இங்கிலீஷ்காரன் திறந்தால் அது இடது, அரபிக்காரன் திறந்தால் அதுவே வலது. ஒரே கட்டளை. இந்த வசதி உலகத்துக்கே பொதுவானது, அவள் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொண்டு அதன் பிறகும் பழக்கத்தில் லெஃப்ட் என்று எழுதுவார்கள். அவளுக்குப் பழக்கமே இதுதான். அந்த இரண்டு சொல்லும் இல்லாமல்தான் அவள் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

அவளை நல்லவள் என்று காட்ட நான் இதை எழுதவில்லை. கொடூரக்காரி. அடுத்தவன் எழுதியதைச் சரிபார்க்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிப்பாள். "மார்ஜின் லெஃப்ட்! யாருக்குலே லெஃப்ட்? ஒனக்கா, எனக்கா, வாசிக்கவனுக்கா?" ஒரு பெண் அழுதுகொண்டே கீழே இறங்கிப் போய்ப் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் மேலே வந்து "ஏம்மா, ஏவாரம் நடக்குத எடத்துல ஒங்க பிள்ளை ஒப்பாரி வெக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை.

எனக்கு நடந்தது அதைவிட மோசம். நான் ஒரே வாரத்தில் மறுபடி மறுபடி லெஃப்ட் என்று எழுதிவிட்டேன். மத்தியானம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்தபோது என் எதிரில் வந்து நின்றாள்.

"நொட்டாங்கையில தின்னு."

"யக்கா..."

"தின்னுலே. எல்லாரையும் ஒன் கைக்குத் திருப்புதல்லா. ஒரு நேரம் நீ அடுத்தவன் கைக்குத் திரும்பிப் பாரு."

தயிர்சோறு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கையால் ஒரு வாய் எடுத்தேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். நம் வீடுகளில் எப்படி வளர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கை எதற்கு என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். சோறு பாதி சட்டையில் விழுந்தது. என் டப்பா காலியாகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் போனாள். அன்று அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. அதன் பிறகு நான் லெஃப்ட் என்று எழுதியதில்லை. ஆனால் அதற்காக அவள் செய்தது சரி என்று ஆகாது. இன்றைக்கும் இடது கையில் தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் அந்தத் தயிர் வாடை வரும்.

எது திரும்ப வேண்டும் என்பதைவிட எது திரும்பக் கூடாது என்பதில்தான் அவளுக்கு வெறி. அம்புக்குறி திரும்பணும். கடிகாரம் திரும்பக் கூடாது, அரபு நாட்டிலும் முள் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. கம்பெனி முத்திரை திரும்பக் கூடாது. மனுஷன் படம் திரும்பக் கூடாது. போன் நம்பர் திரும்பவே கூடாது. அரபியில் எழுத்துத்தான் வலமிருந்து இடம், எண் இடமிருந்து வலம்தான். இதை அவள் நம்பி ஏற்றுக்கொள்ளவில்லை. ஆபீசில் கணக்கு பார்த்த மேலப்பாளையத்து பாயைப் பிடித்து உட்கார வைத்தாள். அவருக்கு அரபி எழுத்து வாசிக்க வரும், அர்த்தம் தெரியாது.

"பாயி, நீரு வாசிக்காண்டாம். வெரலை மட்டும் ஓட்டும்."

"நீ என்னம்மா, எனக்கு ஓதப் படிச்சுத் தாறியா?"

"வெரலை ஓட்டும்வே."

பாயின் விரல் வலது ஓரத்தில் தொடங்கி நகர்ந்து வந்தது. எண் வந்ததும் விரல் குதித்தது. எண்ணின் இடது நுனிக்குப் போய், அங்கிருந்து வலது பக்கம் ஊர்ந்து, மறுபடி குதித்து எழுத்துக்குப் போனது. அவரே அதைக் கவனித்ததில்லை போல. "இவ்வளவு வருசமா இப்படியா வாசிச்சிருக்கேன்?" என்று விரலைப் பார்த்தார். அக்கா அன்று முழுவதும் யாரையும் திட்டவில்லை.

அதன் பிறகுதான் அந்த ஸ்டைல்ஷீட்டில், அரபிப் பக்கத்துப் போன் நம்பருக்கு மட்டும் ஒரு வரி எழுதி வைத்தாள்: இது இடமிருந்து வலம். அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக எழுதின நம்பரின் துண்டுகள் அரபிப் பக்கத்தில் இடம் மாறிவிடும். முன்துண்டு கடைசிக்குப் போகும், கடைசித் துண்டு முன்னால் வரும். இலக்கம் எல்லாம் சரியாக இருக்கும். நம்பர் தப்பாக இருக்கும்.

இனி அந்தச் சனிக்கிழமை.

அவள் சாத்தான்குளத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வளைகுடாவில் ஒரு இதய ஆஸ்பத்திரியின் வெப்சைட் வெளியே போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. காலையில் அவர்களிடமிருந்து போன். அரபிப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி திரும்பவில்லை என்றார்கள். உண்மைதான். ஒரே ஒரு அம்பை அவள் விட்டுவிட்டாள். அது அவள் தப்பு. அதை மறைக்க மாட்டேன்.

நீங்கள் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் பக்கத்து நாற்காலி. அவள் மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது, பொத்தான்களும் மாற்றி வைத்தது. நீங்கள் ஒன்றை அழுத்தினால் வேறொன்று நடந்தது. "சவம், எல்லாத்தையும் தலைகீழா வெச்சிருக்கா" என்று சொல்லி மவுஸைத் தூக்கி வலது பக்கம் வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அண்ணாச்சி, அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தலாமே" என்றேன்.

"அவ இந்நேரம் பந்தியில இருப்பாலே. எந்தக் கையில திங்கணும்னே முழிச்சிக்கிட்டு இருப்பா. அவட்ட என்ன கேக்க?"

ஒரு அம்பைத் திருப்ப வேண்டும். நீங்கள் அரபிப் பக்கத்தில் இருக்கிற எல்லாப் படத்தையும் திருப்பச் சொல்லி ஒரு வரி எழுதினீர்கள். எந்த அம்பு என்று தேட உங்களுக்குப் பொறுமை இல்லை. அப்புறம் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே போனவர், அவள் எழுதி வைத்த அந்த ஒற்றை வரியில் வந்து நின்றீர்கள்.

"இதென்னலே, அரபிப் பக்கத்துல போயி இடமிருந்து வலம்னு எழுதி வெச்சிருக்கா, கிறுக்கி."

அழித்தீர்கள். பக்கத்தைப் போனில் திறந்து, நம்பரை விரலால் தொட்டீர்கள். மணி அடித்தது. "பாத்தியா, எல்லாம் சரியா இருக்கு" என்று எழுந்து போனீர்கள். தொட்டால் மணி அடிக்கத்தான் செய்யும். உள்ளே இருக்கிற நம்பர் மாறவில்லை. கண்ணுக்குத் தெரிகிற நம்பர்தான் மாறியது. கம்ப்யூட்டரில் பார்த்து, போனை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்துகிறவனுக்கு எங்கேயும் மணி அடிக்காது. இதயத்துக்கு டாக்டரைத் தேடுகிறவன் எத்தனை பேர் அப்படி அழுத்தினான் என்று யாருக்கும் தெரியாது. நீங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரே பேசினார். வெப்சைட்டின் முகப்பில் ஒரு மனிதனின் நெஞ்சும் உள்ளே இதயமும் வரைந்த படம். நீங்கள் எழுதின வரி அதையும் திருப்பிவிட்டது. இதயம் அந்த மனிதனின் வலது பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. முதலில் அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டாராம், உங்கள் ஊரில் எல்லோருக்கும் இப்படியா என்று. பிறகு நம்பர் விஷயம் தெரிய வந்ததும் சிரிப்பு நின்றது. மத்தியானத்துக்குள் ஒப்பந்தம் போய்விட்டது.

அக்கா அன்று காலையில் வந்து உட்கார்ந்ததும், வேறு எதையும் பார்க்கவில்லை. மவுஸைத்தான் பார்த்தாள். இடது கையை நீட்டி, அது அங்கே இல்லாமல், மேசையை வெறுமனே தடவினாள்.

நீங்கள் எல்லோரையும் ஹாலில் நிற்க வைத்தீர்கள். "கடைசியா அந்தப் பக்கத்துல கை வெச்சது அவ கம்ப்யூட்டரு. மாத்துனது அவ பேருலதான் ஏறியிருக்கு" என்றீர்கள். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் மவுஸை யாரு அந்தப் பக்கம் வெச்சது?"

"எந்தப் பக்கம்?"

"நான் வைக்காத பக்கம்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். குளிர்ந்துபோனது.

"அதான் எந்தப் பக்கம்ங்கேன். இடதா, வலதா? வாயத் தொறந்து சொல்லு ஏளா."

அவள் திரும்பித் தன் மேசையைப் பார்த்தாள்.

"சரி, அது கஷ்டம்லா. ஒண்ணாப்புப் பாடம் கேக்குதேன். வலது கையைத் தூக்கு பாப்போம்."

எல்லோரையும் ஒரே சொல்லில் குத்திக் கிழிக்கிறவள். உங்களையும் கிழித்திருப்பாள். அன்று இரண்டு கையையும் சுடிதாரில் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு எதையோ எண்ணியது. அதன் பிறகு தூக்கினாள். உள்ளங்கை ஓரத்தில் மை ஒட்டிய கை.

ஆபீஸே வெடித்தது. பாத்திரக் கடையில் குடம் தட்டுகிற சத்தம்கூட அன்று கேட்கவில்லை. "பாத்தியளா? இவ சொல்லுதா, மவுஸு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு!" என்றீர்கள். அவள் கையை உடனே இறக்கவில்லை. சிரிப்பு முடிகிற வரை தூக்கியபடியே நின்றாள். அவள் முன்பு அழவைத்த பெண்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் சொன்னேன். "அண்ணாச்சி, சனிக்கிழமை அந்த நாற்காலியில நீங்கதான இருந்தீங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஏலே, நீ அவ சொன்னான்னு நொட்டாங்கையில சோறு தின்னவன்லா. ஒன் சாட்சி எந்தக் கைக்கு?"

மறுபடி சிரிப்பு. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் உங்கள் அறைக்குள் வந்தேன். நீங்கள் எழுந்து கதவைச் சாத்தினீர்கள். சாத்திவிட்டுச் சொன்னீர்கள்.

"ஆமாலே, நாந்தான். இப்போ என்ன? என் பேரு கெட்டா இங்கன இருக்கிற அம்புட்டு பேரு சோறும் போகும். அவ போனா அவ ஒருத்தி சோறுதான். கணக்கு சரியா இருக்கா, இல்லையா?"

நான் அன்றே வேலையை விட்டேன். அதற்காக யாரும் எனக்கு மாலை போட வேண்டாம். எனக்கு வேறு வேலை கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு இடத்தில் நேர்முகத்துக்குப் போயிருக்கிறாள். எதிரில் இருந்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒங்களுக்கு ஹார்ட்டு எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டிருக்கிறான். உங்களுக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறான், வேறென்ன. தூத்துக்குடியிலும் அதே கதை. அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போகவில்லை.

இப்போது சீவலப்பேரியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். உங்கள் வீடியோவைப் பார்த்த மறுநாள் டவுன் பஸ் ஏறி அங்கே போனேன். வயலுக்குப் போய்விட்டு வந்த ஒருவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"எந்தப் பக்கம் கேப்பாவம்மா?"

"ஒம்ம மூஞ்சி இருக்கிற பக்கம் கேப்பாவ. விலாசம் இருக்கிற பக்கமும் கேப்பாவ. மூஞ்சி வேண்டாம்னா சொல்லும், விலாசம் மட்டும் எடுத்துத் தாறேன்."

மாறவில்லை. உள்ளங்கை ஓரத்தில் மட்டும் நீலத்துக்குப் பதில் கறுப்பு. வீடியோவை அவளும் பார்த்திருந்தாள். யாரோ அவளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள், பெருமையாகவோ வேறெப்படியோ. நீங்கள் நெஞ்சைத் தட்டிக் காட்டினதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கடைசியா ஒரு அரபிப் பக்கம் காட்டுதார்லா, அதுல அம்பு திரும்பல. பாத்தியா?" என்றாள்.

"பாக்கலக்கா."

"திரும்பல. சொல்லிரு அவர்ட்ட."

வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னைக்கு ஹால்ல, தெரியாமத்தான் அந்தக் கையைத் தூக்குனியாக்கா?"

மிஷினின் மூடியைத் தூக்கி அட்டையைத் திருப்பி வைத்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் ஓடி மறைந்தது.

"எழுதுற கையைத் தூக்குனேன். எங்க டீச்சர் அப்படித்தான் சொல்லித் தந்தாவ." எடுத்த தாளை அவரிடம் நீட்டிக்கொண்டே, "வேற எந்தக் கையைத் தூக்கியிருந்தாலும் அவரு சிரிச்சிருப்பாரு" என்றாள். அடுத்த ஆளைப் பார்த்து, "ஒமக்கு என்னவே?" என்றாள். நான் பஸ் ஏறினேன்.

இதை எழுதச் சொல்லி அவள் என்னிடம் கேட்கவில்லை. எழுதினது தெரிந்தால் என்னைத்தான் திட்டுவாள். தயிர்சோற்றை மறக்காதவன் எதற்கு அவளுக்காகப் பேசுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். அவளிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. அது எனக்கும் அவளுக்கும். அவள் என்னை வைத்துச் செய்தது என் முகத்துக்கு நேரே செய்தது. நீங்கள் அவளை வைத்து ஊர் ஊராகப் போய்ச் செய்கிறீர்கள், அவள் இல்லாத இடத்தில்.

வருகிற வாரம் பாளையங்கோட்டையில் பேசப் போகிறீர்களாம். தலைப்பு 'ஆரம்பமும் முடிவும்'. அழைப்பிதழில் உங்கள் படம் பெரிதாக இருக்கிறது. அந்தக் கதையை அங்கேயும் சொல்லுவீர்கள், சிரிப்பு வருகிற இடம் உங்களுக்குப் பழகிவிட்டது. நான் வருவேன். பாயும் வருகிறேன் என்றிருக்கிறார். முன்வரிசையில் இருப்போம்.

அன்று கதவைச் சாத்திவிட்டு எனக்கு மட்டும் சொன்னதை, அந்த மேடையில், அதே மைக்கில், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்தது யார்? அந்த வரியை அழித்தது யார்? அவள் மவுஸைத் தூக்கி வலது பக்கம் வைத்தது யார்?

எந்தக் கையையும் தூக்க வேண்டாம், அண்ணாச்சி. வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.